மூன்று ஏக்கர் இருபது சென்ட் ஆகாயம்

எருக்கம்பாக்கத்து மேய்க்கால் வெளி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தரையை விட்டு எழும்பியது. அப்போது கன்னியம்மா அதன் நடுவில் குந்தியிருந்து, ஆட்டுக்குட்டி ஒன்றின் குளம்பில் ஏறியிருந்த கருவேல முள்ளைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முள் வந்தது, குட்டி கத்தியது, நிலம் எழும்பியது. மூன்று ஏக்கர் இருபது சென்ட்டும் நான்கு ஓரத்திலும் உரிந்து, புல்லோடும், எருக்கஞ்செடிகளோடும், பையன்கள் நட்டுவைத்த ஸ்டம்புகளோடும், பதினோரு ஆடுகளோடும், கன்னியம்மாவோடும் சத்தமில்லாமல் மேலே போய், நாலு மாடி உயரத்தில், இது போதும் என்று நின்றுகொண்டது.

ஊரில் மிச்சமிருந்த வெறும் இடம் அது ஒன்றுதான். மின்சார ரயில் வந்த பிறகு எருக்கம்பாக்கம் நாலா பக்கமும் வளர்ந்து, ஏரிக்கரையில் ஒரு நகர், கரும்புக்கொல்லையில் ஒரு நகர், சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார்டன் என்று வீடுகள் நெருக்கிக்கொண்டு வந்ததில், இந்த வெளி மட்டும் யார் பேரிலும் இல்லாததால் பிழைத்துக் கிடந்தது. அதில் மாடு மேய்ந்தது, பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், தேர்தலுக்குத் தேர்தல் மேடை முளைத்தது, கல்யாண மண்டபத்துக்கு வந்த வேன்கள் நின்றன, எங்கே போய் அழுவது என்று தெரியாதவர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அந்த வாரம்தான் நகரமைப்பு அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, எந்த இடம் இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று குறித்து, வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், வெளிக்குப் பச்சை என்று வரைபடத்தில் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நிலம் மேலே போனபோது அவர்களில் ஒரு பெண் பச்சைப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, விளிம்பு பிசகாமல் பச்சையைத் தீட்டி முடித்தாள்.

தீயணைப்பு வண்டி மதியத்துக்குள் வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த இருநூறு பேர் நிலத்துக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கி நிற்க, ஏணி நீண்டு விளிம்பைத் தொட்டது. கன்னியம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஒரு காலை ஏணியில் வைத்தாள். வைத்ததும் நிலம் ஒரு சாண் இறங்கியது. அடியில் நின்ற இருநூறு பேரும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். அவள் காலை எடுத்து மறுபடி புல்லில் வைத்தாள். நிலம் ஒரு சாண் ஏறிக்கொண்டது. தீயணைப்பு வீரர் ஒருவரை அவளுக்குப் பதில் மேலே நிற்க வைத்துப் பார்த்தார்கள், அவரோடு இன்னும் நாலு தடியான ஆட்களையும் நிற்க வைத்துப் பார்த்தார்கள். அவள் கால் எடுத்தால் நிலம் இறங்கியது. அவ்வளவுதான் விஷயம் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒரு தார்ப்பாயும் இரண்டு குடம் தண்ணீரும் ஒரு பாக்கெட் பிரெட்டும் கொடுத்து, நாளைக்கு வேறு ஏற்பாட்டோடு வருகிறோம் என்று சொல்லி இறங்கினார்கள்.

கன்னியம்மாவுக்கு ஒரே மகள், வனரோஜா. புருஷன் செத்துப் பதினைந்து வருஷம். மகள் பத்திர ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தாள். ஊரில் யார் யார் எந்த மனையை வாங்குகிறார்கள் என்பது அவள் கைவழியாகத்தான் நகலெடுத்துப் போகும், ஆனால் அவளும் அம்மாவும் இருந்தது வாடகைக்கு, கதவு சரியாகச் சாத்தாத ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறையில். தகவல் தெரிந்ததும் ஓடிவந்து, கழுத்து வலிக்க மேலே பார்த்துக் கத்தினாள்.

"யம்மா! பயமா இருக்குதா?"

"இல்லடி! காத்து நல்லா வருது! ஆடுங்க புல்லு தின்னுது! நீ சாப்ட்டியா?"

மறுநாளிலிருந்து வனரோஜா கயிற்றில் தூக்குவாளியைக் கட்டினாள், கன்னியம்மா இழுத்துக்கொண்டாள். கயிறு இறங்கும் நேரத்தில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். கத்தித்தான் பேச வேண்டும் என்பதால், தலைக்கு எண்ணெய் வைத்தாளா, வீட்டுக்காரன் வாடகை கேட்டானா, மாசாமாசம் வருகிற வயிற்றுவலி தேவலையா என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்தது. கொஞ்ச நாளில் ஊரும் அதில் சேர்ந்துகொண்டது. நிழலில் டீக்கடை போட்டிருந்தவர், கன்னியம்மா கேட்டு மகள் காதில் விழாததை எடுத்துச் சொல்வார். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்குத் தொங்குவெளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் ஊரே பாயை எடுத்துக்கொண்டு வந்து அடியில் படுத்தது. தொங்கிய வேர்களிலிருந்து நெற்றியில் சொட்டிய தண்ணீரை யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் ஒரு பெண் கற்பூரம் காட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளும் பாயோடு வந்தாள்.

முதலில் கணக்குப் புரிந்தது வார்டு கவுன்சிலர் தணிகைவேலுக்கு. மனை பிரித்து விற்பதுதான் அவர் தொழில். சர்வேயரை அழைத்துவந்து மேலே போன நிலத்துக்கு அடியில் இருந்த செம்மண் தரையை அளக்கச் சொன்னார். அதுவும் மூன்று ஏக்கர் இருபது சென்ட் இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் அந்தத் தரை இல்லை. பதிவேட்டில் இருந்த மேய்க்கால் வெளி, தன் புல்லோடும் எல்லைக்கல்லோடும் மேலே பத்திரமாக இருந்தது. மனை பிரிக்கிறவர்கள் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக விட வேண்டும் என்ற விதிக்கு, மேலே இருப்பதைக் காட்டிக்கொள்ளலாம். அடியில் இருப்பதில் வீடு கட்டலாம்.

நிழலில் கூட்டம் போட்டு அவர் இதைச் சொன்னபோது ஊரில் யாரும் கெட்டவர்களாக இல்லை. பாதி மனை விலைக்கு, பாதி மனை வாடகையில் கிடந்து அவதிப்படுகிற உள்ளூர்க்காரர்களுக்குக் குலுக்கலில் என்று அவர் சொன்னார். சொன்னபடியே செய்யவும் செய்தார். மழையில் ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளை பெற்றவர்கள், வீட்டுக்காரன் தண்ணீர்க் குழாயை மூடிவைக்கும் வீட்டில் வயசானவர்கள், நியாயமாகத் தங்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று நினைத்தவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து தணிகைவேல் மைக்கை மேலே திருப்பிப் பிடித்தார்.

"கன்னியம்மாக்கா! எல்லாம் கேட்டீங்களா?"

"கேட்டேன்! எத்தினி நாளைக்கு நான் இங்க இருக்கணும்?"

"ஒரு ஏற்பாடு ஆவற வரைக்கும்க்கா!"

கன்னியம்மா விளிம்புக்கு வந்து குனிந்தாள்.

"என் பொண்ணுக்கு ஒரு மனை குடுப்பியா?"

"நட்ட நடுவுல குடுக்கறேன்!"

"அப்ப இருக்கறேன்," என்றாள். அதை அவள் கத்திச் சொல்லவில்லை. டீக்கடைக்காரர்தான் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார்.

வீடுகள் எழும்பின. எழும்புகிற வீட்டின் நடுவே வனரோஜாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தினகரன், பேட்டரி கம்பெனியில் ஷிப்ட் வேலை. மேலேயிருந்து கன்னியம்மா, "ஆளு எப்படிடி? மூக்கு எப்படி?" என்று கேட்க, மேஸ்திரிகள் சாரத்தில் நின்று சிரித்தார்கள். வனரோஜா வெட்கத்தில் பதில் சொல்லாமல் இருக்க, மாப்பிள்ளையே அண்ணாந்து, "சப்பை மூக்குங்க அத்தை!" என்று கத்தினான். அந்த ஒரு பதிலுக்காகவே வனரோஜா அவனைக் கட்டிக்கொண்டாள். தாலி கட்டுகிற நேரத்தில் கன்னியம்மா விளிம்பில் மண்டிபோட்டு அட்சதை தூவினாள். காற்று அதை அள்ளிக்கொண்டுபோய் நாலுவழிச் சாலையில் லாரிகளின் மேல் போட்டது.

மாடிக்கு மேல் மாடி எடுத்தபோது மொட்டைமாடிகள் நிலத்தின் அடிவயிற்றை நெருங்கின. முதலில் அது சௌகரியமாக இருந்தது. வேர்களில் துணி காயப்போட்டார்கள், தூளி கட்டினார்கள். பிறகு மண் கொட்டுகிறது என்றார்கள், மண்புழு விழுகிறது என்றார்கள், ஆட்டு மூத்திரம் தண்ணீர்த் தொட்டியில் சொட்டுகிறது என்றார்கள். குடியிருப்போர் சங்கம் கூடி, வேர்களை வெட்டி, கம்பி வலை அடித்து, நிலத்தின் அடிப்பக்கம் முழுக்க சிமெண்ட் பூசி, வெள்ளையடித்து, விளக்குகளும் மின்விசிறிகளும் மாட்டியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வனரோஜாவின் மாடிக்கு நேர் மேலே மட்டும், கயிறு போய்வர ஒரு முழ அகலத்துக்கு மண்ணையும் துளைத்து, மேலே சுற்றிலும் வரப்பு கட்டி, ஒரு ஓட்டை விட்டார்கள்.

அந்த வருஷ மழைத் தண்ணீர் கீழே வடியவில்லை. சிமெண்ட் பூச்சின் மேல் தேங்கி, புல் அழுகி, மேலே சேறானது. ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது. ஓட்டை வழியாகக் கன்னியம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள்: வெள்ளச்சி போயிடுச்சிடி, சுட்டிநெத்தி போயிடுச்சிடி, கொம்பு வளைஞ்சது காலையில போயிடுச்சிடி. செத்ததை எங்கே புதைப்பது என்று கேட்டாள். கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் சிமெண்ட் இடிக்கிறது என்றாள். வனரோஜா தணிகைவேலிடம் போய்ச் சொன்னாள். வெளியின் பராமரிப்பு பேரூராட்சியைச் சேர்ந்தது, மனு கொடு என்றார். அவளே எழுதி, அவளே ஜெராக்ஸ் எடுத்து, ஏழு மனு கொடுத்தாள். ஏழாவது மனுவுக்குப் பதில் வந்தது: மேற்படி வெளி பொதுமக்களின் பயன்பாட்டில் நல்ல நிலையில் உள்ளது.

அடுத்த ஐப்பசியில் வனரோஜாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஓட்டைக்குக் கீழே நின்று, குழந்தையை இரண்டு கையிலும் ஏந்தி உயரத் தூக்கிக் காட்டினாள். மேலே, ஓட்டையின் சதுரத்தில், சேறு அப்பிய ஒரு முகம் தெரிந்தது. "யார் மாதிரிடி இருக்குது? இருட்டா இருக்குது, தெரியல," என்றது முகம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து அழுக்குத் தண்ணீர் ஒரு வீச்சு கொட்டிக் குழந்தையின் வாயிலும் மூக்கிலும் போனது. குழந்தைக்கு ஒன்பது நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் கிடந்தது. வீட்டுக்கு வந்த அன்று தினகரன் சிமெண்ட் குழைத்து, ஏணியை எடுத்துச் சாத்தினான். வனரோஜா அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கி, தானே ஏறி, மழை முடிகிறவரைக்கும்தான் என்று மேலே பார்த்து இரண்டு தரம் சொல்லிவிட்டு, ஓட்டையைப் பூசினாள்.

மழை முடிந்தது. ஓட்டையை யாரும் திறக்கவில்லை. அதற்குள் சங்கம் சாலைப் பக்கத்து விளிம்பில் ஒரு கப்பி மாட்டி, தினமும் காலையில் ஒரு துப்புரவுப் பணியாளர் வாளியில் சோறும் தண்ணீரும் ஏற்றுவதற்கு ஏற்பாடு செய்திருந்தது. கன்னியம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாருக்கும் அவசியம் என்பதால், தினமும் காலை ஆறு மணிக்கு வனரோஜா ஒரு இரும்புக் குழாயால் மேற்கூரையில் மூன்று தட்டு தட்ட வேண்டும், மேலேயிருந்து கன்னியம்மா கோலால் மூன்று தட்டு திருப்பித் தட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மூன்று தட்டு கேட்டதும் நூற்றுப்பத்து வீடுகளில் அடுப்பு பற்றும்.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு புதன்கிழமை காலை வனரோஜா தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள், பூச்சு பெயர்ந்து முகத்தில் விழுகிறவரை தட்டினாள். பக்கத்து வீட்டில் ஒருவர், "தட்டலையா? இன்னிக்குத் தட்டலையா?" என்று கேட்ட குரல் தெருத் தெருவாகப் போனது. கால்மணி நேரத்தில் நூற்றுப்பத்து வீடும் காலியானது. கேஸ் சிலிண்டரையும் டிவியையும் கல்யாண ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு நாலுவழிச் சாலையின் ஓரத்தில் ஊரே தூறலில் நின்று, விழப்போகிற ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாளி ஏறியது, தொடாமல் இறங்கியது. அன்று விழவில்லை. மறுநாளும் விழவில்லை. யாராவது மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். போனால், தங்கள் காலடி பட்டு விழுந்துவிடுமோ என்று எல்லாரும் பயந்தார்கள்.

"நான் போறேன்," என்றாள் வனரோஜா.

தணிகைவேல் அவள் தோளைத் தட்டினார். "போம்மா. நிக்குமா, நிக்காதான்னு ஒரு வார்த்தை தெரிஞ்சுகிட்டு வந்துடு."

ஏணியில் அவள் ஏறினாள். மேலே இடுப்பளவு கோரை வளர்ந்திருந்தது. தவளைகள் கத்தின. எங்கே காலை வைத்தாலும் தண்ணீர். நடுவில், சேற்றை அள்ளி அள்ளி மேடாக்கிய ஒரு திட்டில், தார்ப்பாய்க்குக் கீழே, கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆடு, கடைசி ஆடு, குட்டி போட்டு மடியோடு நின்றது. கன்னியம்மாவின் கால்விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்துப் பிய்ந்திருந்தது. தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. மகளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"யம்மா," என்றாள் வனரோஜா.

கன்னியம்மா சிரித்தாள். "எத்தினி வருஷம் ஆச்சு, நீ கத்தாம என்னை யம்மான்னு கூப்ட்டு."

"ஏம்மா தட்டல? நாங்க என்னான்னு நெனைக்கறது?"

"வேணும்னுதான் தட்டல." அவள் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு வருஷமா யோசிச்சு யோசிச்சு இதான் தோணுச்சு. நான் தட்டலன்னா எல்லாரும் பயந்து வெளிய ஓடுவாங்க இல்ல? அப்ப இறங்கிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆவாது. வூடுதான் போவும். உயிரு போவாது. ரோட்டுல கூட்டமா சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் போயிட்டாங்களான்னுதான் தெரியல. யாராச்சும் வந்து சொல்லட்டும்னு உக்காந்திருந்தேன். நீயே வந்துட்ட."

வனரோஜா விளிம்புப் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் போயிட்டாங்களாடி?"

விளிம்புக்கு அப்பால் சாலை தெரிந்தது. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட தன் குழந்தை தினகரனின் தோளில் இருப்பதும் தெரிந்தது. எல்லாரும் போயிருந்தார்கள். ஒரு பூனைகூட உள்ளே இல்லை என்று சங்கச் செயலாளர் இரண்டு தரம் சுற்றிவந்து சொல்லியிருந்தார். வனரோஜாவுக்குத் தன் வீட்டின் கதவு ஞாபகம் வந்தது. உள்ளே போய்ச் சாத்தினால் சாத்துகிற கதவு. சமையலறையில் அவளே கடைகடையாக ஏறித் தேர்ந்தெடுத்த நீல டைல்ஸ் ஞாபகம் வந்தது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் அறையில், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குக் குறுக்கே அம்மா படுத்துக்கொண்டு தன்னைத் தூங்க வைத்ததும் ஞாபகம் வந்தது. அம்மாவின் கை தன் கையைப் பிடித்திருந்தது. அது ஊறிப்போய், குளிர்ந்து, எலும்பாக இருந்தது.

"இல்லம்மா," என்றாள். "ஒருத்தங்க இருக்காங்க."

"யாரு?"

"ரெண்டாவது தெருவுல. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா கிடக்கறாங்க. தூக்கிட்டு வர ஆள் இல்ல."

"ஐயோ. பேரு இன்னா?"

"சுலோச்சனா."

"வயசு?"

"உன் வயசு இருக்கும்."

கன்னியம்மா மகளின் கையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் காலுக்குக் கீழே இருந்த தண்ணீரையே பார்த்தாள்.

"நல்லவேளை கேட்டேன்," என்றாள். "கேக்காம இறங்கியிருந்தா பாவம் அந்த அம்மா."

பிறகு அவள் திட்டில் உட்கார்ந்தாள். குழந்தை நடக்கிறதா என்று கேட்டாள், ஓடுகிறது என்று மகள் சொன்னாள். மூக்கு அப்பனைப் போலவா என்று கேட்டாள், ஆமாம் என்று மகள் சொன்னாள். மழை வலுக்கிறது, ஏணி வழுக்கும், பார்த்து இறங்கு என்று அவளே மகளை அனுப்பிவைத்தாள்.

கீழே தணிகைவேல் குடையோடு காத்திருந்தார். "நிக்குமா?"

"நிக்கும்," என்றாள் வனரோஜா.

சாலையில் கைதட்டல் கேட்டது. சிலிண்டர்களையும் டிவிகளையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அன்று மாலைக்குள் ஈரத்துணிகள் மேற்கூரைக் கொக்கிகளில் ஏறிவிட்டன.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வனரோஜா தட்டினாள். பதில் வந்தது, ஆனால் மிக மெதுவாக, காதைக் கூரையில் வைத்தால் மட்டும் கேட்கும்படி. கிழவிக்குத் தெம்பு போய்விட்டதா என்று சங்கத்தில் கவலைப்பட்டார்கள், டாக்டரை ஏற்றலாமா என்றுகூடப் பேசினார்கள். அம்மா தெம்பாகத்தான் இருக்கிறாள் என்று வனரோஜா சொன்னாள். நோயாளி தூங்கட்டும் என்று மெல்லத் தட்டுகிறாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து வாளி இறங்கியபோது அதில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. நிறைய ஆட்டுப்பால், நுரை அடங்காமல். துப்புரவுப் பணியாளர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக விசாரித்து, கடைசியில் வனரோஜாவின் வாசலில் வந்து நின்றார்.

"உங்க அம்மா மேலருந்து சொல்லுதும்மா. வாதத்துக்கு நல்லதாம். தெனமும் அனுப்புதாம். யாரும்மா அது சுலோச்சனா? அப்படி யாருமே இங்க இல்லியே?"

"குடுங்க, நான் குடுத்துடறேன்," என்று வனரோஜா பாட்டிலை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். பாலைக் காய்ச்சி, ஆற்றி, சர்க்கரை போட்டு, டம்ளரில் ஊற்றித் தன் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்தாள்.